கோணல் கூடத்தில் இல்லை

சென்ற இதழில் வந்த துப்பாக்கிக் கட்டுரை வெறும் கருத்தாக இருந்திருந்தால் விட்டுவிட்டிருப்பேன். கட்டுரையாளர் அத்தோடு நிற்கவில்லை. சிவகங்கை மாவட்டத்து முன்னாள் படைவீரர்கள் எல்லோரும் ஒரு மனுவில் கையெழுத்திட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். ராணுவம் வாங்கியிருக்கும் சிக் 716 துப்பாக்கி ஏ.ஆர். வகை, ஏ.ஆர். வகை வியட்நாமில் அமெரிக்க வீரர்களைக் காவு வாங்கிய வகை. ஆகவே அதை ஒதுக்கிவிட்டு 'இனி பிஸ்டன் துப்பாக்கி மட்டுமே' என்று அரசு கொள்கை வகுக்க வேண்டும், அதைத் திருச்சியில் தயாரிக்க வேண்டும். மனுவின் சாரம் இதுதான்.

நம் மாவட்டத்தில் ராணுவத்துக்கோ துணைப்படைக்கோ ஒரு பிள்ளையையாவது அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலுப்பக்குடி மையத்தில் பயிற்சி முடிக்கும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைப் பையன்கள் இங்கிருந்து நேரே இமயத்து உச்சிகளுக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் துப்பாக்கி சுடுமா, சுடாதா என்பது நம் வீட்டு விஷயம். அப்படிப்பட்ட விஷயத்தில் அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிக் கையெழுத்து கேட்பது பொறுப்பில்லாத செயல். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஆர்மரராக இருந்து, கழற்றி மாட்டிக் கை கறுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கட்டுரையின் அடித்தளமே தவறு.

'ஏ.ஆர். துப்பாக்கியில் பிஸ்டன் கிடையாது. வெடிமருந்தின் புகையும் கரியும் நேரே இயந்திரத்துக்குள் பாய்கின்றன' என்று எழுதியிருக்கிறார். ஒரு ஏ.ஆர். துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பின்பக்க ஊசியைத் தள்ளி, உடலை மடக்கி, போல்ட் கேரியரை வெளியே இழுத்துப் பார்க்கட்டும். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பின்னை உருவினால் ஃபயரிங் பின் தானாக நழுவி விழும். கேம் பின்னைக் கால் திருப்புத் திருப்பி எடுத்தால் போல்ட் தனியே கையில் வந்துவிடும். அதன் வால் பகுதியில் மூன்று மெல்லிய வளையங்கள் இருக்கும். மோட்டார் சைக்கிள் பிஸ்டனில் இருக்கும் ரிங் என்ன வேலை செய்கிறதோ அதே வேலைதான் இவற்றுக்கும். பேரலில் இருந்து மெல்லிய குழாய் வழியாக வரும் வாயு, போல்ட்டின் வாலுக்கும் கேரியருக்கும் நடுவில் உள்ள அறையில் நுழைந்து விரிகிறது. போல்ட் பேரலோடு பூட்டிக்கொண்டு நிற்பதால் கேரியர் பின்னால் தள்ளப்படுகிறது. வேலை முடிந்த வாயுவின் பெரும்பகுதி, கேரியரின் வலப்பக்கம் இருக்கும் இரண்டு துளைகள் வழியாக வெளியே போய்விடுகிறது. போல்ட்டே பிஸ்டன், கேரியரே சிலிண்டர். ஏ.ஆர். வகையை வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் 1960-இல் பெற்ற காப்புரிமையில் விவரித்திருப்பது இதைத்தான். அந்த வளையங்கள் தேய்ந்துவிட்டனவா என்று பார்க்க ஆர்மரர்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. போல்ட்டை முன்னே இழுத்து வைத்து, அதன் முகத்தின் மேல் கேரியரைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். தன் எடையிலேயே கேரியர் கீழே இறங்கிவிட்டால் வளையம் போய்விட்டது என்று அர்த்தம். பிஸ்டனே இல்லாத துப்பாக்கியில் இந்தச் சோதனைக்கு என்ன வேலை?

ஏ.ஆர். வகையில் பிஸ்டன் இருக்கும் இடம் வேறு, அவ்வளவுதான். பேரலின் மேல் தனிக் கம்பியாக நிற்கும் பிஸ்டன் அதன் கரியைப் பேரல் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளும். போல்ட்டுக்குள் இருக்கும் பிஸ்டன் அதன் கரியைக் கேரியருக்குள் சேர்க்கும். துடைக்க வேண்டியது இரண்டையும்தான். நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கியில் பிஸ்டன் தலையில் இறுகிப்போன கரியைச் சுரண்டி எடுத்த எவனும், பிஸ்டன் என்றால் அழுக்கே இல்லை என்று சொல்ல மாட்டான்.

அவர் தன் வலுவான ஆதாரமாகக் கொண்டுவருவது வியட்நாம். 1966, 67-இல் ஏ.ஆர். வகை எம்16 துப்பாக்கிகள் சண்டையின் நடுவே சிக்கிக்கொண்டன, அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். அது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஏன் சிக்கின என்பதை அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆயுதப்படைக் குழுவே விசாரித்தது. ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான துணைக்குழு 1967 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. துப்பாக்கியை எந்த மருந்தை நம்பி வடிவமைத்தார்களோ அந்த மருந்தை மாற்றி, வேறு வகை உருண்டை மருந்தைத் தோட்டாவில் நிரப்பினார்கள். அதனால் சுடும் வேகம் கூடியது, கரி கூடியது. தோட்டா அறைக்குக் குரோமியம் பூசவில்லை. வியட்நாமின் ஈரத்தில் அறை துருப்பிடித்துச் சொரசொரப்பானது. சுடும்போது விரியும் பித்தளைக் கூடு அந்தச் சொரசொரப்பில் கவ்விக்கொண்டது. எக்ஸ்ட்ராக்டர் இழுத்தால் கூட்டின் விளிம்பு பிய்ந்து வரும், கூடு உள்ளேயே நிற்கும். வீரன் பேரலின் வாய் வழியாகச் சுத்தம் செய்யும் கம்பியை விட்டு, உள்ளிருந்து குத்தித் தள்ள வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது! அந்தக் கம்பிகூடப் போதுமான எண்ணிக்கையில் அனுப்பப்படவில்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பே அதிகம் தேவையில்லை என்ற பேச்சு வேறு வீரர்களிடம் பரவியிருந்தது. குறை தெரிந்தும் தோட்டாவைச் சரிசெய்யாத அதிகாரிகளின் போக்கைக் குற்றத்துக்கு நிகரான அலட்சியம் என்றே அந்தக் குழு கண்டித்தது.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் கட்டுரையாளர் விட்டுவிட்டார். தோட்டா அறைக்குக் குரோமியம் பூசினார்கள். மருந்தைச் சீர்செய்தார்கள். சுத்தம் செய்யும் பொருள்களைத் துப்பாக்கியின் பின்கட்டைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். படக்கதை மேதை வில் ஐஸ்னரைக் கொண்டு பராமரிப்புக் கையேட்டைப் படக்கதையாகவே வரைந்து ஒவ்வொரு வீரன் கையிலும் சேர்த்தார்கள். வாயுக் குழாயை மாற்றவில்லை. பிஸ்டன் கம்பி வைக்கவில்லை. அதே ஸ்டோனர் அமைப்போடு அந்தத் துப்பாக்கிக் குடும்பம் அடுத்த அரை நூற்றாண்டு அமெரிக்கக் காலாட்படையின் கையில் இருந்தது. குழாய்தான் கொலைகாரன் என்றால், குழாயைத் தொடாமலே நோய் தீர்ந்தது எப்படி? இதற்குப் பதில் சொல்லாமல் வியட்நாமில் செத்தவர்களைச் சாட்சிக்கு அழைக்க அவருக்கு உரிமையில்லை.

அடுத்தது 2007-இல் அமெரிக்க ராணுவம் அபர்டீனில் நடத்திய தூசிச் சோதனை. ஒவ்வொரு வகையிலும் பத்துத் துப்பாக்கிகள், ஆளுக்கு 6,000 தோட்டாக்கள், ஆக வகைக்கு 60,000. எம்16-இன் குட்டை வடிவமான எம்4 மொத்தம் 882 முறை நின்றது, பிஸ்டன் வைத்த ஹெச்.கே. 416 நின்றது 233 முறை. இந்த இரண்டு எண்களைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். வித்தியாசம் சின்னது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 882-இல் 239 தடை மேகசினால் வந்தது என்பதை அவர் எழுதவில்லை. அதே ஆண்டின் கோடையில் எம்4-ஐ வைத்து அதே ராணுவம் நடத்திய சோதனையில் 307 தடைதான் வந்தது என்பதையும் எழுதவில்லை. ஒரே துப்பாக்கி, ஒரே ராணுவம், சில மாத இடைவெளியில் ஒரு தடவை 307, மறுதடவை 882. இப்படி ஆடும் அளவுகோலை வைத்து ஒரு நாட்டின் கொள்கையை எழுதச் சொல்கிறார். எம்4-க்கு மாற்று தேடி அமெரிக்க ராணுவம் நடத்திய போட்டி 2013-இல் கைவிடப்பட்டது. வந்து நின்ற எந்தத் துப்பாக்கியும் நிர்ணயித்த நம்பகத்தன்மை அளவை எட்டவில்லை. இதுவும் கட்டுரையில் இல்லை. தனக்குச் சாதகமான எண்ணை மட்டும் எடுத்து வைப்பவரை ஆய்வாளர் என்று நான் சொல்ல மாட்டேன்.

'உலகமே பிஸ்டனுக்கு மாறிவிட்டது' என்கிறார். நார்வே 2007-இல் ஹெச்.கே. 416-ஐ எடுத்தது. அமெரிக்க மரைன் படை அதன் வழிவந்த எம்27-ஐ எடுத்தது. பிரான்ஸ் 2016-இல் எடுத்தது. சரி. கனடா 1980-களில் இருந்து சி7, சி8 துப்பாக்கிகளை வைத்திருக்கிறது. அவை ஸ்டோனரின் வாயுக் குழாய் வகை. ஆர்க்டிக் பனியில் பயிற்சி எடுக்கும் ராணுவம் அது. டென்மார்க்கும் நெதர்லாந்தும் அதே குடும்பத்தைத்தான் எடுத்தன. பிரிட்டன் தன் ரேஞ்சர் படைக்கும் மரைன் கமாண்டோக்களுக்கும் 2023-இல் தேர்ந்தெடுத்த கே.எஸ்.-1, வாயுக் குழாய் வகைதான். நார்வேக்காரனுக்கும் கனடாக்காரனுக்கும் குளிர் ஒன்றுதான். ஒருவன் கையில் பிஸ்டன் கம்பி, இன்னொருவன் கையில் வாயுக் குழாய். இரண்டும் சுடுகின்றன. 'மைனஸ் முப்பது டிகிரியில் நம் பையன்களை அனாதையாக விடும் குழாய்' என்று உருக்கமாக எழுதுவதற்கு முன் இதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ஏ.ஆர். வகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பத்தி தள்ளி ஹெச்.கே. 416-ஐ முன்மாதிரியாகக் காட்டுகிறார். ஹெச்.கே. 416 ஏ.ஆர். வகைதான்! எம்4-இன் உடலில் குறும்பிஸ்டனை வைத்துச் செய்தது அது. சிக் 716 என்ற பெயரிலேயே பிஸ்டன் வைத்த மாதிரியும் உண்டு, வாயுக் குழாய் வைத்த மாதிரியும் உண்டு. ஏ.ஆர். என்பது துப்பாக்கியின் உடலமைப்பு. பிஸ்டன் என்பது அதற்குள் இருக்கும் ஒரு பாகம். இந்த இரண்டையும் எதிரெதிர் கட்சிகளாக நிறுத்தி ஒரு முழுக் கட்டுரை எழுதியவரிடம் நாம் கையெழுத்தைக் கொடுக்க வேண்டுமாம்.

இனி நம் சொந்த வீட்டுக் கதைக்கு வருகிறேன். உலகத்துத் துப்பாக்கிகளையெல்லாம் பேசியவர் இன்சாஸைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறார். எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான்.

இன்சாஸ் பிஸ்டன் துப்பாக்கி. புனேயில் உள்ள ஏ.ஆர்.டி.இ. ஆய்வகம் ஏ.கே.எம். துப்பாக்கியின் அமைப்பை ஆதாரமாக வைத்து உருவாக்கியது. கேரியரோடு சேர்ந்தே ஓடும் நீள்பிஸ்டன். அதற்கு மேல், பழைய எஸ்.எல்.ஆர். பாணியில் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் உண்டு. கட்டுரையாளர் கேட்கும் எல்லா நற்குணமும் காகிதத்தில் இருந்த துப்பாக்கி. இஷாபூரிலும் கான்பூரிலும் நம் திருச்சியிலும் செய்தார்கள். 1999-இல் கார்கில் போர் வந்தது. உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்று வெளியில் இருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் மேகசின் செய்திருந்தார்கள். நல்ல யோசனை. அந்த மேகசின் மலைக்குளிரில் விரிசல் விட்டது. மேகசினின் உதடு விரிந்தால் தோட்டா நேராக ஏறாது. ஏறாத தோட்டாவை எந்தப் பிஸ்டனாலும் சுட முடியாது. துப்பாக்கி சிக்கியது, மூன்று தோட்டா பர்ஸ்ட்டில் வைத்தால் நிற்காமல் சுட்டது, எண்ணெய் பின்னால் தெறித்துக் கண்ணில் பட்டது என்று புகார்கள் வந்தன. எல்லாம் பிஸ்டன் துப்பாக்கியில்.

2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட்டில் மாவோயிஸ்டுகள் ராணுவ முகாமைத் தாக்கியபோது 43 வீரர்கள் கொல்லப்பட்டார்கள். நாம் கொடுத்த இன்சாஸ் சண்டையின் நடுவே கைவிட்டது என்று நேபாள ராணுவம் வெளிப்படையாகச் சொன்னது. சரியாகக் கையாளவில்லை, பராமரிக்கவில்லை என்று இந்தியத் தரப்பில் பதில் வந்தது. 1967-இல் அமெரிக்க அதிகாரிகள் தங்கள் வீரர்களைக் குறை சொன்ன அதே பேச்சு. 2015-இல் மாவோயிஸ்ட் பகுதிகளில் இருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரின் கையில் இருந்து இன்சாஸை வாங்கிக்கொண்டு ஏ.கே. துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்சாஸின் பிஸ்டன் ஏ.கே. குடும்பத்துப் பிஸ்டன். அதன் இடத்தில் வந்த துப்பாக்கியிலும் அதே நீள்பிஸ்டன். ஒன்றை வீரன் நம்பவில்லை, இன்னொன்றை நம்பினான். பிஸ்டன் இரண்டிலும் பொது. அப்படியென்றால் வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. மேகசினின் பிளாஸ்டிக்கில், பாகங்களின் அளவுத் துல்லியத்தில், எஃகைப் பதப்படுத்திய விதத்தில், தொழிற்சாலை வாசலில் நின்று 'இது தேறாது' என்று திருப்பி அனுப்ப வேண்டிய ஆய்வாளரின் பேனாவில்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சாபமும் அல்ல. பிரிட்டனின் எஸ்.ஏ.80 குறும்பிஸ்டன் துப்பாக்கி. 1991 வளைகுடாப் போரின் மணலில் அது பட்ட பாடு ஊரறிந்தது. கடைசியில் ஜெர்மன் நிறுவனத்திடம் கொடுத்து உள்பாகங்களைத் திருத்தி வாங்கினார்கள். ஜெர்மனியின் ஜி36-உம் பிஸ்டன்தான். சூடேறினால் குறி விலகுகிறது என்பதால் 2015-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே அதற்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். 2017-இல் இஷாபூர் செய்து கொடுத்த 7.62 துப்பாக்கியை நம் ராணுவம் சோதனையில் தள்ளிவிட்டது. அதிலும் பிஸ்டன் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, செய்யத் தெரியாத குற்றத்தை வடிவத்தின் தலையில் கட்டுவதற்கு இந்தக் கட்டுரை பாய் விரிக்கிறது. தரம் பார்க்காமல் முத்திரை குத்தியவர்களுக்கும், மட்டமான தோட்டாவை அனுப்பியவர்களுக்கும் இதைவிட வசதியான வாதம் கிடைக்காது. 'நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, அமைப்பு அப்படி' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படி எழுதுவது எனக்கு இன்னொரு வகையிலும் வருத்தம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்தது சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். உலோகம் எப்படி அரிக்கிறது, அதைத் தடுக்க மேலே என்ன பூச்சு, எப்படிப் பூசுவது என்பதே அங்கே பல தலைமுறை விஞ்ஞானிகளின் வேலை. மண்டபம் கடற்கரையில் உப்புக் காற்றில் உலோகத் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்து அரிப்பை அளந்திருக்கிறார்கள். துப்பாக்கியின் உயிர் இருக்கும் இடம் அந்த அறிவில்தான். தோட்டா அறையில் குரோமியம் சீரான தடிமனில் ஒட்டியிருக்கிறதா, பிஸ்டன் தலையும் வாயுத் துளையும் சூட்டில் அரிக்காமல் நிற்குமா, ராமேசுவரம் கரையில் ரோந்து போகும் காவலரின் ஆயுதம் மழைக்காலம் முழுதும் துருப்பிடிக்காமல் இருக்குமா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தகுதியான ஊர் தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது நம் ஊர்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு, பூச்சைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், குழாயா கம்பியா என்று பட்டிமன்றம் நடத்தியிருக்கிறார்.

திருச்சிக்கு வேலை வேண்டும் என்ற அவருடைய ஆசையில் எனக்கும் பங்கு உண்டு. நவல்பட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலை 1960-களில் வந்தது. இன்சாஸ் செய்தார்கள். வித்வன்சக் என்ற பெரும் துப்பாக்கியை உருவாக்கினார்கள். கையெறி குண்டு போன்றவற்றைத் தொடர்ந்து வீசும் 40 மி.மீ. லாஞ்சர் செய்தார்கள். ஏ.கே. பாணியில் 7.62-க்கு 39 தோட்டாவில் சுடும் திருச்சி அசால்ட் ரைஃபிளையும் கொண்டுவந்தார்கள். அது முழுப் பிஸ்டன் துப்பாக்கி. சரி, பிஸ்டன் செய்யத் தெரிந்ததால் திருச்சிக்கு என்ன கிடைத்தது? 2021 டிசம்பரில் 6,01,427 ஏ.கே.-203 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதே தோட்டா, அதே பாணிப் பிஸ்டன். வேலை போனது உத்தரப் பிரதேசத்து அமேதியில் இருக்கும் கோர்வாவுக்கு. அது ரஷ்யாவோடு அரசு செய்துகொண்ட ஏற்பாடு. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2021 அக்டோபர் 1 அன்று, படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். திருச்சித் தொழிற்சாலை, கான்பூரில் தலைமையகம் கொண்ட நிறுவனத்தின் கீழ் போனது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் வைத்துத்தான் தொடங்கினார்கள், அதன் ஐந்து முனைகளில் திருச்சியும் ஒன்று. அத்தனை இருந்தும் ஆறு லட்சம் துப்பாக்கி இந்தப் பக்கம் வரவில்லை. திருச்சித் தொழிலாளிக்காக வாதாட வேண்டுமானால் இந்த முடிவுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். எந்த மந்திரியும் பிஸ்டனைப் பார்த்து ஆர்டர் கொடுக்கவில்லை.

சிக் 716 விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இல்லையா? இருக்கின்றன. 2019-இல் 72,400 வாங்கினார்கள். 2024 ஆகஸ்டில் இன்னும் 73,000-க்கு 837 கோடி ரூபாயில் ஒப்பந்தம். இரண்டு முறையும் இறக்குமதி. இரவில் குறிபார்க்கும் கருவிக்கு ஒப்பந்தம் 2025 அக்டோபரில்தான் வந்தது, 659 கோடி ரூபாய்க்கு. துப்பாக்கி வந்து எத்தனை ஆண்டுக்குப் பிறகு! இருட்டில் எதிரியைப் பார்க்க முடியாதவனுக்கு உலகின் மிகச் சிறந்த பிஸ்டன் இருந்து என்ன பயன்? 7.62-க்கு 51 தோட்டாவின் உதையைத் தாங்கித் தொடர்ந்து குறிவைக்கப் பயிற்சிக்கு எத்தனை தோட்டா கொடுக்கிறார்கள்? நம் தொழிற்சாலைத் தோட்டா ஒவ்வொரு லாட்டும் இந்தத் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்பப்படுகிறதா? வியட்நாம் கற்றுக்கொடுத்த பாடம் இந்தக் கடைசிக் கேள்விதான், அதைத்தான் வியட்நாமை மூச்சுக்கு மூச்சு பேசியவர் கேட்கவில்லை.

தனிப் பிஸ்டனுக்குத் தகுந்த இடம் உண்டு, அதை மறுப்பது என் வேலை இல்லை. பேரலை மிகவும் குட்டையாக்கினால் வாயுக் குழாய் வகை முரண்டு பிடிக்கும். சைலன்சர் மாட்டினால் புகை முகத்துக்கு வரும். தண்ணீருக்குள் இருந்து எழுந்த உடனே சுட வேண்டிய கமாண்டோவுக்குப் பிஸ்டன் நம்பிக்கை தரும். ஹெச்.கே. 416 பிறந்ததே குட்டைப் பேரல் கேட்ட அமெரிக்கச் சிறப்புப் படைக்காக. பதிலுக்கு அது துப்பாக்கியின் மூக்கில் எடையைக் கூட்டும், ஓடும் பாகத்தைக் கூட்டும். யாருக்கு, எந்த வேலைக்கு என்று பார்த்துப் படைகள் தேர்ந்தெடுக்கின்றன. 'மட்டுமே' என்று சட்டம் போடச் சொல்வது, நாளை நல்லதொரு துப்பாக்கி வந்தாலும் சோதனைக்கே எடுக்காமல் கதவைச் சாத்துவது.

கட்டுரையின் தொடக்கத்தில் வேலு நாச்சியாரையும் மருது சகோதரர்களையும் வளரியையும் கொண்டுவந்திருக்கிறார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கில் தொங்கியவர்கள் கையில் வளரி மட்டும் இல்லை, துப்பாக்கியும் இருந்தது. எதிரியிடம் இருப்பது எதுவோ அதைத் தெரிந்துகொண்டு, தனக்குக் கிடைத்ததை வைத்துப் போரிட்டவர்கள் அவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி, சரிபார்க்காத தகவலுக்குக் கையெழுத்து வாங்குவதை இந்தச் சீமையில் பிறந்தவன் என்ற முறையில் நான் ஏற்க மாட்டேன்.

முன்னாள் படைவீரத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மனு உங்கள் ஊருக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அமைச்சகத்துக்கு எழுதத்தான் வேண்டும் என்றால், தோட்டாவின் ஒவ்வொரு லாட்டுக்கும் நடந்த சோதனை முடிவையும், மேகசின் எந்தக் குளிர்வரை சோதிக்கப்பட்டது என்பதையும், தோட்டா அறைப் பூச்சின் தர அளவையும், புதிய வீரனுக்கு ஆண்டுக்கு எத்தனை தோட்டா பயிற்சிக்குக் கிடைக்கிறது என்பதையும், திருச்சிக்கு அடுத்த ஐந்தாண்டுக்கு என்ன ஆர்டர் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் என் கையெழுத்து முதலில் இருக்கும்.